காகிதத்தில் பழகிய கண்

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்யும் ஒருவருக்குப் போன தை மாதம் இணையதளம் செய்து கொடுத்தேன். முதல் பக்கத்தை லேப்டாப்பில் திறந்து காட்டினேன். அவர் திரையின் வலது ஓரத்தை விரலால் தொட்டு, "தம்பி, இங்க இவ்ளோ எடம் சும்மா கெடக்குதே, இதுல இன்னும் நாலு மாடல் போட்றலாமுங்களே" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் ஒரு வாடிக்கையாளர் வந்துவிட்டார். கடைக்காரர் எழுந்துபோய், கவரில் கட்டுக்கட்டாகக் கிடந்த கொலுசுகளிலிருந்து ஒரே ஒரு ஜோடியை உருவி எடுத்தார். சிவப்பு வெல்வெட் ஒட்டிய தட்டு ஒன்றை மேசையில் வைத்தார். அதன் நடுவில் அந்த ஜோடியை வளைத்து வைத்து, ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டிருந்த சலங்கை மணிகளை நகத்தால் பிரித்து விட்டார். தட்டில் முக்கால்வாசி வெல்வெட் காலியாகத்தான் இருந்தது. வந்தவர் குனிந்து அந்த ஜோடியை மட்டும் பார்த்தார். கண்ணை இழுக்க அங்கே வேறு எதுவும் இல்லை.

அவர் போன பிறகு சொன்னேன்: "அண்ணா, இப்ப வெல்வெட்டுல வெச்சுக் காட்டுனீங்களே, அந்த வெல்வெட்டுதானுங்க இந்த வெள்ளை எடம்." அவர் தட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, அப்ப அப்படியே இருக்கட்டும்" என்றார்.

எல்லோரிடமும் இப்படி ஒரு தட்டு கையருகே இருப்பதில்லை. அதனால்தான் இணையப் பக்க வடிவமைப்பைப் பற்றிய தவறான எண்ணங்களைக் குறித்து இதை எழுதுகிறேன்.

இணையப் பக்கம் செய்யும் வேலைக்கு வந்து எனக்குப் பதினான்கு வருடம் ஆகிறது. அதற்கு முன் ஆறு வருடம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் டிடிபி வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கும்பாபிஷேக நோட்டீஸ் எல்லாம் பேஜ்மேக்கரிலும் கோரல்டிராவிலும் செய்வோம். அங்கே தாளுக்குக் காசு. ஒரு நோட்டீஸில் இரண்டு அங்குலம் காலியாக விட்டால், இன்னும் இரண்டு உபயதாரர் பெயர் போட்டிருக்கலாமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அச்சடித்த தாள் எல்லோர் கையிலும் ஒரே மாதிரி இருக்கும். அகலம் மாறாது, எழுத்து வளராது. இந்தப் பழக்கத்தோடு வளர்ந்த கண்ணுக்கு இணையப் பக்கமும் ஒரு தாளாகத்தான் தெரிகிறது. பக்க வடிவமைப்பைப் பற்றி நான் கேட்கும் தவறான எண்ணங்களில் முக்கால்வாசிக்கு இதுதான் தாய்.

சேலத்தில் "லேஅவுட் வேலை செய்கிறேன்" என்று சொன்னால் பலபேர், "எந்த ஏரியாங்க, சதுர அடி என்ன விலை போகுது?" என்றுதான் கேட்பார்கள். வீட்டுமனை லேஅவுட்டில் கல் நட்டுவிட்டால் முடிந்தது, மனை அந்த இடத்திலேயே இருக்கும். இணையப் பக்கத்தில் நான் நடும் கல் எதுவும் நின்ற இடத்தில் நிற்காது. ஒருவர் ஐந்தரை அங்குல போனில் பார்ப்பார், இன்னொருவர் மகள் வாங்கிக் கொடுத்த டேப்லெட்டில் பார்ப்பார், மூன்றாமவர் கண் மங்கி எழுத்தை இரண்டு மடங்காகப் பெருக்கி வைத்திருப்பார். நான் கொடுப்பது படம் இல்லை, சில விதிகள்தான். இது இதற்கு மேலே வரட்டும், இடம் போதாவிட்டால் இது கீழே இறங்கட்டும், இந்த வரி இதைவிட நீளக் கூடாது என்று எழுதி அனுப்புகிறேன். பக்கம் உருவாவது வாசிப்பவர் கையில்.

தொடக்கத்தில் இணையப் பக்கங்கள் இந்த வழியில்தான் இருந்தன. இணையப் பக்கங்களை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1991-இல் செர்ன் இயற்பியல் ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியிட்ட பக்கங்களில் தலைப்பு, பத்தி, தொடுப்பு, அவ்வளவுதான். ஜன்னலைச் சுருக்கினால் வரி தானாக மடங்கி இறங்கும். அப்புறம் அச்சுத் துறையில் கைதேர்ந்தவர்கள் வந்தார்கள். அவர்களுக்குச் செய்தித்தாள் போல நெடுக்காகப் பத்தி பத்தியாகப் பிரித்த பக்கம் வேண்டும். கருவி ஒன்றும் இல்லை. எண்களை வரிசைப்படுத்த வைத்திருந்த அட்டவணையை எடுத்து, அதற்குள் படத்தையும் எழுத்தையும் திணித்தார்கள். இடைவெளி வேண்டிய இடத்தில் திரையின் ஒற்றைப் புள்ளி அளவே உள்ள, கண்ணுக்குத் தெரியாத ஒரு பிக்சல் படத்தை இழுத்து நீட்டி முட்டுக் கொடுத்தார்கள். பக்கத்தின் தோற்றத்துக்கான விதிகளை எழுதும் மொழியாக ஹோக்கன் வியூம் லீ 1994-இல் முன்வைத்த சிஎஸ்எஸ், 1996 டிசம்பரில் தரமாக வந்துவிட்டது. ஆனாலும் பக்கங்களைத் திறந்து காட்டும் உலாவிகள் அதை ஒழுங்காகப் புரிந்துகொள்ளப் பல வருடம் பிடித்தது. உண்மையான கட்டத்தைத் தரும் சிஎஸ்எஸ் கிரிட் பெரிய உலாவிகளில் வந்தது 2017 மார்ச்சில்தான். இருபது வருடத்துக்கு மேல் முட்டுக் கொடுத்தே வேலை பார்த்த துறையில் தவறான எண்ணங்கள் ஒட்டிக்கொண்டு நிற்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அம்மாபேட்டையில் என் தாய்மாமா சேலைக்கு டிசைன் போடுபவர். கிராஃப் தாளில் ஒரு கட்டம் என்றால் ஒரு இழை. கரைக்கு இத்தனை, உடலுக்கு இத்தனை என்று எண்ணி வண்ணம் அடைப்பார், அதைப் பார்த்து, தறிக்கு டிசைனைச் சொல்லும் ஜக்கார்டு அட்டையில் துளை போடுவார்கள். 2011-இல் நான் தொழில் கற்றுக்கொண்டிருந்தபோது 960 பிக்சல் அகலத்தைப் பன்னிரண்டு பத்தியாகப் பிரிப்பது எல்லோருக்கும் பாடம். 1024 பிக்சல் திரையில் அடங்கும், இரண்டாக, மூன்றாக, நான்காக, ஆறாகப் பிரிக்க வசதி. மாமாவிடம் காட்டியபோது, "அட, நம்ம கிராஃபுதான்" என்று சந்தோஷப்பட்டார். உடனே அடுத்த கேள்வி கேட்டார்: "தறி அகலம் மாறுனா என்ன பண்ணுவ?" அதற்கு முந்தைய வருடம்தான், 2010 மே மாதம், ஈதன் மார்கோட் என்ற இணைய வடிவமைப்பாளர் இதே கேள்விக்கு விடை எழுதியிருந்தார். அகலத்தைப் பிக்சலில் சொல்லாமல் விகிதத்தில் சொல், படம் தன் பெட்டிக்குள் சுருங்கட்டும், திரை மாறும்போது விதியை மாற்று என்பதுதான் அவர் சொன்ன வழி. நான் அதைப் படிக்க இன்னும் ஒரு வருடம் ஆனது.

படித்தும் எனக்கு முழுதாக உறைக்கவில்லை என்பது ஏற்காட்டில்தான் தெரிந்தது.

ஏரியிலிருந்து பக்கோடா பாயிண்ட் போகும் வழியில் ஓர் அக்கா நான்கு அறைகளை விருந்தினருக்கு விடுகிறார். அவருக்கு நான் செய்த தளத்தில் திறந்தவுடன் திரை முழுக்க ஒரு படம். காப்பித் தோட்டம், பனி, சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகுக் கொடி என்று ஐந்து படங்கள் தானாக நகரும். எனக்கு அதில் பெருமை. மே மாதக் கோடை விழா நேரத்தில் அக்கா போன் செய்தார். "தம்பி, பதிமூணாவது வளைவுல வண்டிய நிறுத்திட்டு ஒரு குடும்பமே நம்பரத் தேடிருக்காங்க. கெடைக்கவே இல்லையாம். வேற எடத்துக்குப் போயிட்டாங்க." சேலத்திலிருந்து ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு வளைவு சிக்னல் வரும், போகும். என் ஐந்து படங்களும் கேமராவில் எடுத்தபடியே இருந்தன, ஒவ்வொன்றும் மூன்று, நான்கு எம்பி. அவை இறங்கி முடிப்பதற்குள் வண்டி அடுத்த வளைவுக்குப் போயிருக்கும்.

மறுநாளே மலையேறினேன். அக்கா தன் போனைக் கொடுத்தார். வயது அறுபதை நெருங்குகிறது, எழுத்தை உள்ளதிலேயே பெரிதாக்கி வைத்திருந்தார். பக்கத்தைத் திறந்தேன். பச்சைப் பொத்தானில் "அறை பதிவு" என்று மட்டும் இருந்தது. "செய்ய" என்ற சொல் இரண்டாவது வரிக்கு இறங்கி, பொத்தானின் கீழ் விளிம்பில் தலை மட்டும் தெரிய வெட்டுப்பட்டிருந்தது. சகரத்தின் மேல் கோடு தெரிந்தது, மற்றது இல்லை. பொத்தானுக்கு 40 பிக்சல் உயரம் என்று நான் எழுதி வைத்திருந்தேன். என் லேப்டாப்பில் அது அளவெடுத்த சட்டை மாதிரி இருந்தது. அக்காவின் போனில் எழுத்து வளர்ந்தது, பெட்டி வளரவில்லை. அந்த ஒரு வரியை அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து அழித்தேன். உயரம் சொல்வதற்குப் பதில், எழுத்தைச் சுற்றி மேலும் கீழும் இவ்வளவு இடம் விடு என்று மட்டும் எழுதினேன். பொத்தான் தானாக வளர்ந்து மூன்று சொல்லையும் வாங்கிக்கொண்டது. அன்றிலிருந்து எழுத்து உட்காரும் எந்தப் பெட்டிக்கும் நான் உயரம் எழுதுவதில்லை.

அடுத்து தொலைபேசி எண். அது பக்கத்தின் அடியில் இருந்தது, கீழே தள்ளினால் வரும். "மக்கள் கீழே தள்ளிப் பார்க்க மாட்டார்கள், எல்லாவற்றையும் முதல் திரையிலேயே அடைத்துவிடு" என்று ஒரு நம்பிக்கை உண்டு. செய்தித்தாளை மடித்து டீக்கடையில் தொங்கவிடும்போது மேல்பாதி மட்டும் தெரியுமே, அந்த மடிப்பிலிருந்து வந்த எண்ணம் இது. மக்கள் தளங்களை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்வதில் பெயர்பெற்ற யாகோப் நீல்சன் 1990-களின் நடுவில் மக்கள் அதிகம் கீழே தள்ளுவதில்லை என்றார். 1997-லேயே அதை மாற்றிக்கொண்டார். மக்கள் பழகிவிட்டார்கள். அவருடைய நிறுவனம் 2018-இல் வெளியிட்ட கண்ணசைவு ஆய்வில், பார்க்கும் நேரத்தில் 57 சதவீதம் முதல் திரையிலும் மீதி அதற்குக் கீழேயும் போனது. 2010-இல் முதல் திரையின் பங்கு 80 சதவீதமாக இருந்தது. ஆக, கீழே போகிறார்கள். ஆனால் கீழே ஏதோ இருக்கிறது என்று தெரிந்தால்தான் போவார்கள். என் படம் திரையை விளிம்புவரை மூடியிருந்தது. பார்த்தவர்களுக்குப் பக்கம் அங்கேயே முடிந்துவிட்ட மாதிரி இருந்திருக்கும். படத்தின் உயரத்தைக் குறைத்து, அடுத்த பத்தியின் முதல் வரி எட்டிப் பார்க்கும்படி விட்டேன். எண்ணை மேலே, தொட்டால் அழைப்பு போகும்படி வைத்தேன்.

நகரும் படங்களையும் எடுத்துவிட்டேன். அக்காவுக்கு மனமில்லை. "பாக்க அழகா இருக்குதே தம்பி" என்றார். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அமெரிக்காவில் நோத்ர டாம் பல்கலைக்கழகத்தின் தளத்தில் எரிக் ரன்யன் என்பவர் 2013-இல் எண்ணிப் பார்த்திருக்கிறார். முகப்புக்கு வந்தவர்களில் ஏறக்குறைய 1 சதவீதம் பேர்தான் நகரும் பட்டையில் எதையாவது அழுத்தினார்கள். அப்படி அழுத்தியதிலும் 84 சதவீதம் முதல் படத்துக்கே. பின்னால் இருக்கும் நான்கு படமும் யாருக்காக? ஐந்தில் ஒன்றை, பனி இறங்கிய காலை நேரத்து முற்றத்தை, அக்காவே தேர்ந்தெடுத்தார். அதை 150 கேபிக்குச் சுருக்கிப் போட்டேன். மற்ற நான்கும் அறைகளின் விவரத்துக்குப் பக்கத்தில், அவற்றைப் பற்றிப் பேச்சு வரும் இடத்தில் போய் உட்கார்ந்தன.

அன்று மாலை அக்காவின் வீட்டுக்காரர் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார். காப்பிச் செடி வரிசை எதுவும் நேர்கோட்டில் இல்லை. சரிவு எப்படி வளைகிறதோ அப்படியே வரிசையும் வளைந்து போகிறது, நடுவில் பாறை வந்தால் ஒதுங்கிப் போகிறது. ஆனால் செடிக்கும் செடிக்கும் இடைவெளி மட்டும் மாறுவதில்லை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது தமிழுக்கு வருகிறேன். இதைத்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

ஆங்கிலத்தில் நன்றாக இருக்கும் வார்ப்புருவைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம், எழுத்தை மட்டும் மாற்றினால் போதும் என்று பெரிய நிறுவனங்கள்கூட நினைக்கின்றன. அச்சகத்தில் உள்ளடக்கத்தை "மேட்டர்" என்போம். மேட்டர் வராமல் யாரும் ஃபாரத்தில், அதாவது அச்சுக்குப் போகும் பக்கத்தில், கை வைக்க மாட்டார்கள். இணையத்தில் மட்டும் அர்த்தமில்லாத லத்தீன் வரிகளை நிரப்பி வடிவமைப்பை முடித்துவிட்டு, கடைசி நாளில் தமிழை ஊற்றுகிறார்கள். ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் முடியும் "ஹோம்" தமிழில் "முகப்பு" ஆகும்போது பரவாயில்லை. "காண்டாக்ட்" என்பது "தொடர்புகொள்ளுங்கள்" ஆகும்போது மெனு இரண்டு வரியாக உடைகிறது. தமிழ்ச் சொல் ஒட்டிக்கொண்டே வளரும். "வாடிக்கையாளர்களுக்கான" என்பது ஒரே சொல். போனில் இரண்டு பத்தி வைத்தால் அந்த ஒரு சொல்லே பத்தியை நிறைத்துவிடும், அல்லது பெட்டியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

இரண்டு ஓரமும் சமமாக இருந்தால்தான் அழகு என்று நினைத்து வரியை நீட்டுகிறார்கள். செய்தித்தாளில் அது நடக்கிறது, ஏனென்றால் அங்கே தமிழ்ச் சொல்லை எந்த எழுத்திலும் உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகும் வழக்கம் இருக்கிறது. உலாவி பொதுவாகச் சொல்லை உடைக்காது. நீண்ட சொல் கீழே இறங்கிவிட, மேலே மிச்சம் நிற்கும் மூன்று சொல்லை இழுத்து இழுத்து வரியை நிரப்பும். நடுவே ஓட்டை ஓட்டையாக வெள்ளை. இடது ஓரம் மட்டும் சீராக இருந்தால் தமிழ் அமைதியாக ஓடுகிறது. நான் வேறு மாதிரி வைப்பதே இல்லை.

வரிக்கும் வரிக்கும் உள்ள இடைவெளிதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். "கீர்த்தி" என்று எழுதிப் பாருங்கள், மேலே சுழியும் புள்ளியும் ஏறுகின்றன. "மூழ்கு" என்று எழுதுங்கள், கீழே வால் இறங்குகிறது. ஆங்கிலத் தலைப்புக்கு எழுத்தளவின் 1.2 மடங்கு வரி உயரம் போதும். அதையே தமிழுக்கு வைத்தால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் புள்ளியும் முட்டிக்கொள்கின்றன. சில தலைப்புகளில் புள்ளியே வெட்டுப்பட்டு, மெய் உயிர்மெய்யாகிவிடுகிறது. "கல்வி" என்பது "கலவி" ஆனால் யார் பொறுப்பு? பத்திக்கு நான் 1.7 வைக்கிறேன், தலைப்புக்கு 1.4-க்குக் கீழே போவதில்லை. 2018-இல் வந்த மாற்றுத்திறனாளிகளும் பக்கத்தைப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கான டபிள்யூசிஏஜி 2.1 என்ற வழிகாட்டியே, வாசிப்பவர் வரி உயரத்தை 1.5 மடங்காக்கினாலும் பக்கத்தில் எதுவும் தொலையக் கூடாது என்கிறது. தமிழுக்கு அது சலுகையே இல்லை, அன்றாடத் தேவை.

இன்னொன்றும் உண்டு. ஆங்கிலத்தில் முக்கியமானதைப் பெரிய எழுத்தில் கத்தலாம், மென்மையானதைச் சாய்க்கலாம். நம்மிடம் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இல்லை. சாய்வெழுத்து நம் மரபில் இல்லை. உலாவி கணக்குப் போட்டுச் சாய்த்தால் எழுத்து விழப்போவது போல நிற்கிறது. எழுத்துகளுக்கு நடுவே இடம் விட்டு விரித்தால் கொம்பும் காலும் எதற்கு உரியவை என்று கண் தடுமாறுகிறது. ஆகவே எழுத்தின் அளவு, தடிமன், நிறம், சுற்றியுள்ள வெற்றிடம், இவை நான்கையும் கொண்டுதான் எது பெரிது எது சிறிது என்று சொல்ல வேண்டும். தமிழ்ப் பக்கத்தில் வெற்றிடம் ஆடம்பரம் இல்லை, நிறுத்தக்குறி மாதிரி வேலை செய்கிறது.

மூன்று சொடுக்கில் எல்லாம் கிடைக்க வேண்டும், மெனுவில் ஏழுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற இரண்டு விதிகளையும் கூட்டம் நடக்கும் இடமெல்லாம் கேட்கிறேன். முதல் விதியை ஜோஷுவா போர்ட்டர் என்ற ஆய்வாளர் 2003-இல் 44 பேரின் 620 வேலைகளைக் கொண்டு சோதித்தார். மூன்றாவது சொடுக்குக்குப் பிறகு யாரும் கூட்டமாக ஓடிப்போகவில்லை. போகும் வழி சரி என்ற நம்பிக்கை இருந்தால் நான்காவது, ஐந்தாவது சொடுக்கும் மக்களுக்குச் சுமை இல்லை. ஏழு என்ற எண் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதிய நினைவாற்றல் கட்டுரையிலிருந்து வந்தது. மெனு கண்முன்னே இருக்கிறது, அதை யார் மனப்பாடம் செய்யப் போகிறார்கள்?

கண்ணால் பார்க்காதவர்களை இந்த வேலையில் அடிக்கடி மறந்துவிடுகிறோம். என் நண்பர் ஒருவரின் மகனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானில் படிக்கிறான். நான் செய்த ஒரு பக்கத்தை அவனிடம் கொடுத்துக் கேட்டேன். விலைகள் எல்லாம் முதலில் வரிசையாக ஒலித்தன, அந்த விலைக்குரிய பொருட்களின் பெயர் வெகுநேரம் கழித்து வந்தது. திரையில் பெயரும் விலையும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன. சிஎஸ்எஸ் கொண்டு கண்ணுக்கு மட்டும் அவற்றை இடம் மாற்றி வைத்திருந்தேன், பக்கத்தின் உள்ளடக்கம் எழுதப்படும் எச்டிஎம்எல்லில் அவை தனித்தனியே கிடந்தன. "அண்ணா, ஆயிரத்து இருநூறுன்னு சொல்லுது, எதுக்குன்னு சொல்ல மாட்டேங்குது" என்றான். அந்தப் பக்கத்தை முழுக்கப் பிரித்து மறுபடி எழுதினேன். இப்போது எந்தப் பக்கமானாலும் முதலில் வடிவமைப்பே இல்லாமல், வெறும் மேட்டராக மேலிருந்து கீழே வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறேன். படிக்கும்போதே பொருள் புரிந்தால்தான் அடுத்த வேலை.

இந்த வாரம் ஒரு ஜவ்வரிசி மில்லுக்குத் தளம் செய்கிறேன். ரகம், தரம், மூட்டை விலை மூன்றும் தினமும் மாறும். அவர்களுக்கு முன்பு தளம் செய்த இளைஞர் அதையெல்லாம் தனித்தனிப் பெட்டிகளாக அடுக்கி வைத்திருந்தார். ஒரு ரகத்தை இன்னொன்றோடு ஒப்பிட மேலும் கீழும் போய்வர வேண்டியிருந்தது. ஏன் என்று கேட்டபோது, "டேபிள் போடக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தாங்கண்ணா" என்றார். பக்கத்தைக் கட்ட டேபிள் போடக் கூடாது என்று சொன்னது, கை மாறி மாறி இப்படி வந்து சேர்ந்திருக்கிறது. விலைப்பட்டியலுக்கு அட்டவணையைவிடப் பொருத்தமான ஒன்று கிடையாது. அது பிறந்ததே அதற்காகத்தான். நேற்று இரவு அவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, மூன்று பத்தி, தலைப்பு வரிசை, வலது ஓரத்தில் எண்கள் நேராக நிற்கும்படி ஓர் அட்டவணை போட்டோம். போனிலும் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம், மூன்று பத்தியும் உள்ளேயே நின்றது. நாளைக் காலை மில்லில் எடைபோடும் அண்ணனிடம் அவர் போனிலேயே திறந்து கொடுத்து, இன்றைய விலை என்ன என்று கேட்கப் போகிறோம்.